பட்டியலில் ஓர் எண்: விமான நிறுவன இணைப்புகளும் விமானிகளின் மனக்கசப்பும்

2009 அக்டோபர் 21 அன்று சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் சென்றுகொண்டிருந்த நார்த்வெஸ்ட் 188 விமானம், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் பறந்துபோனது. ஏர்பஸ் 320 ரக விமானம், உள்ளே 144 பயணிகள். தரையிலிருந்த கட்டுப்பாட்டு மையங்கள் மாறி மாறி அழைத்தும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பதில் இல்லை. கடத்தலாக இருக்குமோ என்று போர் விமானங்களைத் தயார்நிலையில் நிறுத்தினார்கள். எப்போது இறங்கப்போகிறோம் என்று கேபின் ஊழியர் ஒருவர் காக்பிட்டுக்குப் பேசிக் கேட்ட பிறகுதான் விமானிகளுக்கு விஷயமே உறைத்தது. அதற்குள் விமானம் ஊரைக் கடந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் போய்விட்டிருந்தது.

இருவரும் தூங்கிவிட்டார்கள் என்றே வெளியில் எல்லோரும் நினைத்தார்கள். விசாரணையில் வேறு கதை வந்தது. முந்தைய ஆண்டுதான் நார்த்வெஸ்ட்டை டெல்டா வாங்கியிருந்தது. மாதாந்தரப் பணி ஒதுக்கீட்டுக்குப் புதிய முறை வந்திருந்தது. அந்த முறையில் எப்படி விருப்பம் பதிவது என்று ஃபர்ஸ்ட் ஆபிசர் கேப்டனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மடிக்கணினிகளைத் திறந்துவைத்துக்கொண்டு பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள். இருவரின் உரிமமும் பறிபோனது.

அவர்களின் பொறுப்பின்மையைப் பற்றி அப்போதே போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயம். பல்லாயிரம் மணி நேரம் பறந்த இரண்டு பேர், 37,000 அடி உயரத்தில் வேலையையே மறக்கும் அளவுக்கு ஒரு டூட்டி சார்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானியின் வேலை வாழ்க்கையை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் அவர் எத்தனையாவது ஆள் என்பதே அந்த எண். வேலையில் சேர்ந்த அன்று அது கிடைக்கும். மேலே இருப்பவர்கள் ஓய்வுபெறப் பெற, இவர் ஒவ்வொரு படியாக மேலே போவார். எந்த ரக விமானம், இடது இருக்கையில் கேப்டனா வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபிசரா, எந்த ஊர் தளம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா அல்லது ரிசர்வில் போனை வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டுமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவது என எல்லாம் அந்த எண்ணின்படிதான். ஃபர்ஸ்ட் ஆபிசரின் சம்பளம் கேப்டன் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே சில நூறு இடங்கள் பின்னால் தள்ளப்படுவது என்றால் பல ஆண்டுகளின் வருமானம் போவது. குடும்பம் ஓர் ஊரில் இருக்கும், தளம் வேறு ஊரில் அமையும். விமான நிலையத்துக்கு அருகே ஐந்தாறு பேர் வாடகையைப் பங்கிட்டு அடுக்குக் கட்டிலில் படுக்கும் அறைகளை அவர்கள் ‘க்ராஷ் பேட்’ என்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் அங்கே படுத்திருக்கிறார் என்றால் அவருடைய எண் சரியில்லை என்று அர்த்தம்.

இதில் திறமைக்கு இடமே இல்லையா? ஒரு வகையில் இல்லை. சிமுலேட்டர் சோதனையில் தேறலாம், தேறாமல் போகலாம். தேறியவர்களுக்குள் இவர் கெட்டிக்காரர், அவர் சுமார் என்று மேலாளர் தரம்பிரிப்பதை விமானிகளின் சங்கங்கள் ஏற்றதில்லை. வானிலை மோசமாக இருக்கிறது, போக மாட்டேன் என்று சொல்லும் கேப்டனுக்கு மேலாளரின் தயவு தேவைப்படக் கூடாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். பணிமூப்புச் சண்டை நம் அரசு அலுவலகங்களுக்கும் பழகிய விஷயம். உயர் நீதிமன்றம் வரை போகும் வழக்குகள் எத்தனையோ. ஆனால் எழுத்தருக்குப் பதவி உயர்வு வரும்போதுதான் பட்டியல் நினைவுக்கு வரும். விமானிக்கு மாதாமாதம் வரும்.

இன்னொன்றும் உண்டு. இந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில், முதலாண்டுச் சம்பளத்தில், பெரும்பாலும் வலது இருக்கையில்தான் தொடங்க வேண்டும். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியான தன் நூலில், ஓர் அமைப்பின் மீது அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்தபடி குரல் எழுப்புவது. வெளியேறும் கதவு சாத்தியிருந்தால் குரல்தான் மிச்சம். அமெரிக்க விமானிகளின் இணைப்புச் சண்டைகள் ஏன் அவ்வளவு உரத்தும் அவ்வளவு நீண்டும் நடக்கின்றன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டு நிறுவனங்கள் சேரும்போது இரண்டு பட்டியல்கள் ஒன்றாக வேண்டும். சீட்டுக்கட்டைக் கலைத்துச் சேர்ப்பது போன்ற இந்த வேலையில் எல்லோருக்கும் திருப்தி தரும் வரிசை என்று ஒன்று கிடையாது. பங்குதாரருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், மேலதிகாரிக்குப் புதுப் பதவி உண்டாக்கலாம். ஒரு பட்டியலில் இரண்டு பேர் 1,200ஆவது ஆளாக இருக்க முடியாது.

இது எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் இணைப்பை மிஞ்சிய உதாரணம் இல்லை. யூஎஸ் ஏர்வேஸ் கிழக்குக் கரையின் பழைய நிறுவனம். ஃபிலடெல்ஃபியாவும் சார்லட்டும் அதன் கோட்டைகள். 2002இலும் 2004இலும் இரண்டு முறை திவால் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. விமானிகளின் சம்பளம் வெட்டப்பட்டது. 2003இல் அவர்களுடைய ஓய்வூதியத் திட்டமே கைவிடப்பட்டது. அமெரிக்கா வெஸ்ட் 1983இல் பறக்கத் தொடங்கிய இளைய நிறுவனம், அரிசோனாவைச் சேர்ந்தது. அதுவும் அப்படியொன்றும் செழிப்பாக இருக்கவில்லை, ஆனால் நின்றுகொண்டிருந்தது. 2005 செப்டம்பரில் இரண்டும் இணைந்தன. பெயர் கிழக்குடையது, தலைமையகமும் தலைவர் டக் பார்க்கரும் மேற்கிலிருந்து. கிழக்கில் சுமார் 5,100 விமானிகள். அவர்களில் சுமார் 1,700 பேர் வேலையின்றி, திரும்ப அழைப்பார்கள் என்ற நம்பிக்கையில் காத்திருந்தார்கள். மேற்கில் சுமார் 1,900 பேர், அத்தனை பேரும் பணியில்.

யார் முன்னால்? சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள் என்றது கிழக்கு. வாழ்நாளைக் கொடுத்தவனுக்கு மரியாதை வேண்டாமா என்பது அதன் வாதம். நேற்று சேர்ந்தவன் பதினாறு ஆண்டு அனுபவசாலிக்கு மேலே போவதா? மேற்கு வேறு கணக்குச் சொன்னது: நாங்கள் வராவிட்டால் உங்கள் நிறுவனம் மூடியிருக்கும், அப்போது உங்கள் பதினாறு ஆண்டுக்கு என்ன மதிப்பு? எங்களிடம் கேப்டனாக இருப்பவர் இணைப்புக்குப் பிறகும் கேப்டனாக இருக்க வேண்டாமா?

இரு தரப்பும் ஒரே சங்கத்தில், ஆல்பா எனப்படும் விமானிகள் சங்கத்தில், இருந்தவர்கள்தான். சங்கத்தின் விதிப்படி விவகாரம் ஜார்ஜ் நிக்கலாவ் என்ற அனுபவமிக்க நடுவரிடம் போனது. 2007 மே மாதம் அவர் தீர்ப்பு வந்தது. அகன்ற உடல் கொண்ட சர்வதேச விமானங்கள் கிழக்கிடம் மட்டுமே இருந்ததால் அதன் மூத்த விமானிகள் ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் பட்டியலின் தலைப்பில் வைத்தார். வேலையில்லாமல் காத்திருந்த 1,700 பேரை அடியில் வைத்தார். நடுவில் இருந்தவர்களை விகிதாசாரப்படி கோத்தார். இதன் விளைவாக, கிழக்கில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய விமானி ஒருவரின் பெயர், மேற்கில் சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கிழக்கு விமானிகள் அதன் பிறகு செய்ததைக் கோபத்தின் ஆற்றலுக்குச் சான்றாகவே சொல்லலாம். எண்ணிக்கையில் அவர்களே பெரும்பான்மை. யுஸாபா என்ற புதிய சங்கத்தைத் தொடங்கி, 2008 ஏப்ரல் வாக்கெடுப்பில் ஆல்பாவையே வெளியேற்றினார்கள். சேர்ந்த தேதிதான் பணிமூப்பு என்பது புதிய சங்கத்தின் கொள்கை. மேற்கு விமானிகள் நீதிமன்றம் போனார்கள். சங்கம் எங்களை நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்ற வழக்கில் 2009இல் அரிசோனா ஜூரி அவர்கள் பக்கம் சொன்னது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இறுதி ஒப்பந்தமே வராதபோது இந்த வழக்குக்குக் காலம் வரவில்லை என்று அதைத் தள்ளியது. 2015இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் மேற்கின் பக்கம் வந்தது. இடையில் 2013 டிசம்பரில் நிறுவனமே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்துவிட்டது. ஒரே பட்டியல் வந்தது 2016இல். பதினோரு ஆண்டுகள்!

அதுவரை கிழக்கு விமானிகள் கிழக்கு விமானங்களையும் மேற்கு விமானிகள் மேற்கு விமானங்களையும் தனித்தனியாக ஓட்டினார்கள். வெளியே ஒரே வண்ணம், ஒரே பெயர். வானொலியில் அழைக்கும் பெயர் மட்டும் மேற்கிலிருந்து வந்தது: ‘காக்டஸ்’, அரிசோனா பாலைவனத்துக் கள்ளிச்செடி. நிக்கலாவ் தீர்ப்பைச் சபித்துக்கொண்டிருந்த ஒரு கிழக்கு விமானியும் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசும் ஒவ்வொரு முறையும் தன்னைக் ‘காக்டஸ்’ என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கியதும் அப்படியொரு விமானம்தான். யூஎஸ் ஏர்வேஸ் 1549, வானொலியில் காக்டஸ் 1549. பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செத்துப்போன நொடியில் கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் எண்ணைக்கூட மாற்றி 1539 என்றுதான் சொன்னார். ‘காக்டஸ்’ மட்டும் தப்பவில்லை. அவர் விமான நிறுவன வேலையைத் தொடங்கியது யூஎஸ் ஏர்வேஸிலும் அல்ல. கலிஃபோர்னியாவின் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனத்தில் 1980இல் சேர்ந்தவர். 1988இல் அது, பின்னாளில் யூஎஸ் ஏர்வேஸ் ஆன யூஎஸ்ஏருக்குள் கரைந்தபோது கூடவே வந்தவர். பக்கத்தில் இருந்த ஜெஃப் ஸ்கைல்ஸ் முன்பு கேப்டனாக இருந்தவர். நிறுவனம் சுருங்கியதால் வலது இருக்கைக்கு இறக்கப்பட்டிருந்தார்.

மறு மாதம் இருவரும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். நாடே அவர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். சல்லன்பெர்கர் பேசியது சம்பளத்தைப் பற்றி: நாற்பது சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியம் போய்விட்டது, தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது. இருவரும் பிழைப்புக்கு வேறு தொழிலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கைல்ஸ் கட்டட ஒப்பந்த வேலை செய்தார். ஆனாலும் அந்த ஐந்து நிமிடப் பறப்பில் அவர்கள் காட்டிய தொழில் நேர்த்தியில் இந்தக் கசப்பின் சுவடே இல்லை. உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே ஒரு பிரிவைச் சொல்லியிருந்தார்: வேலையில் மனநிறைவு தருபவை ஒரு வகை, வேலையை வெறுக்க வைப்பவை வேறொரு வகை, இரண்டும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல. பறப்பதை நேசித்துக்கொண்டே பறக்க வைக்கும் நிறுவனத்தை வெறுக்க முடியும். ‘வேலையில் திருப்தியா?’ என்று ஒற்றைக் கேள்வி கேட்கும் கருத்துக்கணிப்புகள் விமானிகளிடம் தோற்பது இங்கேதான்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நிக்கலாவ் தீர்ப்பு மேற்குக்குக் கொஞ்சம் தாராளமாக இருந்தது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கிழக்கு விமானிகளின் இழப்பில் பெரும்பகுதி அந்தத் தீர்ப்பால் வந்ததல்ல. 2001 செப்டம்பர் 11, எரிபொருள் விலை, இரண்டு திவால்கள், கைவிட்டுப்போன ஓய்வூதியம், 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனதால் மேலே இருந்தவர்கள் மேலும் ஐந்தாண்டுகள் நகராமல் இருந்தது ஆகியவைதான் காரணம். இவற்றில் எதற்கும் முகம் இல்லை. மேற்கு விமானிக்கு முகம் இருந்தது. இழந்தது யாரிடம் என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பவன் மேல் பாய்வது மனித இயல்பு. அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். ஒரே பட்டியல் இல்லாததால் ஒரே ஊதிய ஒப்பந்தமும் இல்லை. திவால் காலத்தில் குறைத்த சம்பளத்திலேயே கிழக்கு விமானிகள் ஆண்டுக்கணக்கில் பறந்தார்கள். நிர்வாகம் எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க வீரர்களைப் பற்றிச் சாமுவேல் ஸ்டவ்ஃபர் குழுவினர் 1949இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. பதவி உயர்வு வேகமாகக் கிடைத்த விமானப் படைப் பிரிவினர், அது அரிதாகக் கிடைத்த ராணுவக் காவல் பிரிவினரைவிட உயர்வு முறை மீது அதிக அதிருப்தியோடு இருந்தார்கள். சுற்றிலும் பலர் மேலே போகும்போது, போகாதவனுக்கு அது உறுத்துகிறது. மனிதர் தன் நிலையைத் தனியாக அளப்பதில்லை. இணைப்பு செய்வது இதுதான்: அதுவரை கண்ணில் படாத ஓர் ஒப்பீட்டை மாதாமாதம் கண் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது.

யூஎஸ் ஏர்வேஸ் சண்டை நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு பழைய காயமும் ஆறாமல் இருந்தது. 2001இல் டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தின் சொத்துகளை அமெரிக்கன் வாங்கியபோது, நடுவரிடம் போகும் தங்கள் ஒப்பந்த உரிமையை டி.டபிள்யூ.ஏ. விமானிகள் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டவைக்கப்பட்டார்கள். சில மாதங்களில் செப்டம்பர் 11 வந்தது. அடியில் இருந்தவர்கள் முதலில் வெளியே போனார்கள். இதன் பிறகுதான் மிசௌரி மாநில செனட்டர்கள் இருவரின் பெயரில், மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் 2007இல் வந்தது. பேச்சில் முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு என்பதை அது கட்டாயமாக்கியது. 1972இல் அலெகனி, மொஹாக் நிறுவனங்கள் இணைந்தபோது வகுத்த பாதுகாப்பு விதிகளே இதற்கு அடிப்படை. அந்த அலெகனிதான் பின்னாளில் யூஎஸ் ஏர்வேஸ் ஆனது என்பது ஒரு வேடிக்கை.

எல்லா இணைப்பும் இப்படி ஆவதில்லை. டெல்டா, நார்த்வெஸ்ட் இணைப்பில் நிர்வாகம் முதலிலேயே விமானிகளோடு உட்கார்ந்தது. 2008 அக்டோபரில் இணைப்பு முடியும் முன்பே கூட்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது, விமானிகளுக்கு நிறுவனத்தில் பங்கும் கிடைத்தது. பட்டியலுக்கு நடுவர் தீர்ப்பு டிசம்பரிலேயே வந்துவிட்டது. அந்தப் பட்டியலும் எல்லோருக்கும் இனித்திருக்காது. ஆனால் கையில் சம்பள உயர்வு இருக்கும்போது எண் கொஞ்சம் பின்னால் போனாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதே கதை வேறு உருவில் நடந்தது. 2007 ஆகஸ்டில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. ஒன்று சர்வதேசம், மற்றது உள்நாடு. ஒன்றில் பெரும்பாலும் போயிங், மற்றதில் ஏர்பஸ். டிக்கெட்டில் ஒன்றுக்கு ஏஐ, மற்றதற்கு ஐசி. 2011இல் ஐசி என்ற குறியீடு மறைந்தது. இரு தரப்பு விமானிகளுக்கும் தனித்தனிச் சங்கங்கள் தொடர்ந்தன. 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதியச் சமத்துவம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு மே மாதம் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை. அது 58 நாள் நீடித்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். காரணங்களில் முதன்மையானது, அப்போது இன்னும் வந்து சேராத ஒரு விமானம்: போயிங் 787 ட்ரீம்லைனர். இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா 27 ட்ரீம்லைனர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவற்றின் கேப்டன் இருக்கைகளை எண்ணிக்கொண்டுதான் அதன் இளைய விமானிகள் காத்திருந்தார்கள். அந்த விமானத்துக்கான பயிற்சியில் மற்ற தரப்புக்கும் பங்கு என்றதும் வெடித்தது. பழைய இந்தியன் ஏர்லைன்ஸில் குறுகிய உடல் விமானங்கள் அதிகம், அங்கே கேப்டன் பதவி சீக்கிரம் கிடைத்தது. எங்களுக்குத் தாமதமாகக் கிடைக்கிறது, இப்போது இதுவும் போகுமா என்பது ஏர் இந்தியா விமானிகளின் வாதம். அரிசோனாவில் பேசியதும் மும்பையில் பேசியதும் ஒன்றுதான். இரு நிறுவன ஊழியர்களை ஒருங்கிணைப்பது பற்றி ஆராய்ந்த, நீதிபதி தர்மாதிகாரி தலைமையிலான குழு 2012 ஜனவரியில்தான் தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. இணைப்பு நடந்து நான்கரை ஆண்டுகள் கழித்து! கோப்பில் இரண்டு நிறுவனங்களைச் சேர்த்த அரசு, ஆட்களைச் சேர்ப்பது தானாக நடந்துவிடும் என்று நினைத்தது போலிருக்கிறது.

அரசிடமிருந்து ஏர் இந்தியாவை வாங்கிய டாடா, தன் மற்றொரு விமான நிறுவனமான விஸ்தாராவை 2024இல் அதோடு இணைத்தது. இணைப்பு முடிந்தது நவம்பர் 12 அன்று. கசப்பு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. விஸ்தாரா விமானிகளுக்கு மாதம் 70 மணி நேரப் பறப்புக்கான சம்பளம் உறுதியாக இருந்தது. புதிய ஒப்பந்தம் அதை 40 மணி நேரமாக்கியது, மேலே பறந்தால் மணிக்கணக்கில் தனியாக. பலர் ஒரே நேரத்தில் உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின, நிறுவனம் தன் சேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டிவந்தது. பணிமூப்புப் பற்றிய கவலையும் கூடவே இருந்தது. இருந்தும் அது சில வாரங்களில் அடங்கியது.

ஏன் அடங்கியது என்பதற்கு ஒப்பந்தத்தின் சில ஷரத்துகள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2012இல் ஏர் இந்தியா விமானிக்குப் போக இடம் குறைவு; அந்த ஆண்டு கிங்ஃபிஷர் மூடிக்கொண்டிருந்தது. 2024இல் இண்டிகோவும் வளைகுடா நிறுவனங்களும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. பயிற்சி பெற்ற கேப்டனை நேரடியாகக் கேப்டனாகவே எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு என்பதால், பட்டியலின் எண் அமெரிக்காவில் போல ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. ஹிர்ஷ்மன் சொன்ன கதவு இந்திய விமானிக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் சட்டென்று கடந்துவிட முடியாது. 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி வேலையை விட ஆறு மாதம், கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்ட கேப்டன், தனக்குப் பிடிக்காத அதே ஒப்பந்தத்தின் கீழ் இன்னும் ஓராண்டு விமானம் ஓட்டுவார்.